வாங்கிப் புதுப்பிப்பதற்கான குறுகிய காலக் கடன் சேவை: ஒரு முதலீட்டாளரின் மதிப்பீடு

பழைய வீடுகளை வாங்கிப் பழுது பார்த்து, வாடகைக்கு விடும் அல்லது விற்கும் முதலீட்டாளர்களுக்கென்று தனியார் கடன் நிறுவனங்கள் வழங்கும் புதுப்பிப்புக் கடன், வழக்கமான வீட்டுக் கடனிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. வாங்கும் விலையின் பெரும்பகுதியும் புதுப்பிப்புச் செலவும் ஒரே கடனாக அனுமதிக்கப்படுகின்றன. வாங்குவதற்கான தொகை பத்திரப் பதிவின்போதே வந்துவிடுகிறது. புதுப்பிப்புத் தொகையோ நிறுவனத்திடமே இருந்து, வேலை முடிய முடியத் தவணை தவணையாக விடுவிக்கப்படுகிறது. காலவரை பெரும்பாலும் 6 முதல் 18 மாதங்கள் வரை இருக்கும். அதுவரை மாதந்தோறும் வட்டியை மட்டும் கட்டி, அசலை இறுதியில் மொத்தமாக அடைக்க வேண்டும். இத்தகைய ஒரு நிறுவனத்தின் சேவையை ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பயன்படுத்திய அனுபவத்தில் இதை எழுதுகிறேன். என் கணிப்பில், வட்டி விகிதத்தை மட்டும் ஒப்பிட்டு இத்தகைய நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் முக்கியமானதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். முடிந்த வேலைக்கான பணம் எவ்வளவு விரைவாகக் கைக்கு வருகிறது என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். அந்த அளவுகோலில் இந்த நிறுவனத்துக்கு நடுத்தர மதிப்பெண்தான் தர முடியும். செலவு மதிப்பீட்டை ஆராயும் விதத்துக்கு மட்டும் முழு மதிப்பெண்ணே தரலாம்.

வங்கிக் கடன் இருக்கும்போது இத்தனை விலை உயர்ந்த கடன் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கூரை ஒழுகும் வீட்டையும் சமையலறையே இல்லாத வீட்டையும் பெரும்பாலான வங்கிகள் ஈடாக ஏற்பதில்லை. ஏற்றாலும் இன்றைய நிலையில் அதன் மதிப்பு என்னவோ அதற்கு மட்டுமே கடன் தருகின்றன. புதுப்பிப்புக் கடன் நிறுவனம் கடன் பெறுபவரின் மாத வருமானத்தைவிட, வேலை முடிந்த பிறகு அந்த வீடு என்ன விலை போகும் என்பதையே பெரிதும் பார்க்கிறது. முடிவும் விரைவாகக் கிடைக்கிறது. பழுதடைந்த வீட்டை விற்பவர் நீண்ட நாள் காத்திருக்க விரும்பாதவர் என்பதால், விரைவாகப் பணம் தரக்கூடிய வாங்குபவருக்கு விலையில் சலுகை கிடைப்பதும் உண்டு. அந்தச் சலுகையே கூடுதல் வட்டியில் ஒரு பங்கை ஈடுகட்டிவிடும்.

கணக்கை எளிதாக்க, ஒரு வீட்டின் வாங்கும் விலை 100 என்றும் புதுப்பிப்புச் செலவு 30 என்றும் வேலை முடிந்த பின் அதன் மதிப்பு 190 என்றும் கொள்வோம். நிறுவனம் வாங்கும் விலையில் 80 சதவீதமும் புதுப்பிப்புச் செலவு முழுவதும் தருவதாகச் சொல்கிறது. ஆனால் மொத்தக் கடன், வேலை முடிந்த பின்னான மதிப்பில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற உச்சவரம்பும் உண்டு. 80, 30 இரண்டும் சேர்ந்து 110, உச்சவரம்பு 133. எனவே 110 கிடைக்கும். வீட்டின் விலையைக் கணிக்கும் மதிப்பீட்டாளர் 190 என்பதற்குப் பதிலாக 150 என்று எழுதிவிட்டால் உச்சவரம்பு 105 ஆகக் குறைந்து, மீதமுள்ள 5 நம் கையிலிருந்து வர வேண்டியதாகிவிடும். மதிப்பீட்டாளர் பெரும்பாலும் அண்மையில் விற்ற, அளவிலும் நிலையிலும் ஒத்த மூன்று வீடுகளையாவது ஒப்பிட்டுத்தான் இந்த எண்ணுக்கு வருகிறார். ஆகவே அந்த ஒப்பீட்டு விற்பனைகளை நாமே திரட்டி, செய்யவிருக்கும் வேலைகளின் பட்டியலோடு அவரிடம் முன்கூட்டியே கொடுப்பது நல்லது. பட்டியல் இல்லாமல் வரும் மதிப்பீட்டாளர், பழைய குளியலறையைப் பார்த்துவிட்டுப் புதிய குளியலறையின் மதிப்பைக் கற்பனை செய்ய வேண்டியிருக்கும்.

முதலீட்டாளர்கள் பரவலாகப் பின்பற்றும் 70 சதவீத விதியும் இதே கணக்கை ஒட்டியதுதான். புதுப்பித்த பின்னான மதிப்பில் 70 சதவீதத்தை எடுத்து, அதிலிருந்து பழுது பார்க்கும் செலவைக் கழித்தால் வருவதே வாங்கக்கூடிய அதிகபட்ச விலை. நமது எடுத்துக்காட்டில் அது 103. விதி எளிது, பயனுள்ளது. ஆனால் அதில் காலம் என்ற கணக்கே இல்லை. நான்கு மாதத்தில் முடியும் வேலைக்கும் பதினான்கு மாதம் இழுக்கும் வேலைக்கும் அது ஒரே விடையைத்தான் தருகிறது. மாத வட்டியில் ஓடும் கடனோடு அதை அப்படியே பொருத்திப் பார்ப்பது ஆபத்தானது.

இந்த நிறுவனத்திடம் எனக்கு மிகவும் பிடித்தது, விண்ணப்பத்தோடு நாம் கொடுக்கும் செலவு மதிப்பீட்டை அவர்கள் வரி வரியாகப் படிக்கிறார்கள் என்பது. குப்பை அகற்றுவதற்கு ஒரு வரி இருக்கிறதா, மின்சார வயரிங்கை மாற்றுவதாக இருந்தால் சுவரை வெட்டி மீண்டும் பூசுவதற்கான செலவு சேர்க்கப்பட்டிருக்கிறதா, அனுமதிக் கட்டணம் எங்கே, எதிர்பாராச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்ற கேள்விகள் அடுத்தடுத்து வருகின்றன. எதிர்பாராச் செலவுக்கு 10 முதல் 15 சதவீதம் ஒதுக்குவது பொதுவான பழக்கம். மிகப் பழைய கட்டடமாக இருந்தால் 20 சதவீதம்கூட மிகையில்லை. சுவரைத் திறந்த பிறகுதான் துருப்பிடித்த குழாயும் செல்லரித்த மரச்சட்டமும் கல்நார் கலந்த பழைய தகடுகளும் கண்ணில் படும். கல்நாரைப் பாதுகாப்பாக அகற்றத் தேர்ச்சி பெற்ற ஆட்கள் வேண்டும் என்பதால் அதன் செலவு சாதாரண இடிப்பு வேலையின் செலவோடு ஒப்பிடக்கூடியதே இல்லை. இதையெல்லாம் கடன் கொடுப்பவரே முன்கூட்டிக் கேட்டுவிடுவது நமக்கு இலவசமாகக் கிடைக்கும் இரண்டாவது கருத்து. கேள்விகளின் தொனி சில சமயம் விசாரணை அதிகாரியுடையதைப் போல் இருந்தாலும், அதற்காக நான் குறை சொல்ல மாட்டேன்.

கட்டணங்களுக்கு வருவோம். கடன் தொகையில் 1 சதவீதத்தை ஒரு பாயிண்ட் என்று கணக்கிட்டு, கடன் வழங்கும்போதே இரண்டு பாயிண்ட் எடுத்துக்கொள்கிறார்கள். இது வட்டியிலிருந்து தனியானது. கடன் ஒரு மாதத்தில் அடைந்தாலும் ஓராண்டில் அடைந்தாலும் மாறாதது. ஆண்டு வட்டி 12 சதவீதம் என்று கொண்டால், ஆறு மாதத்தில் அடைக்கப்படும் கடனுக்கு 6 சதவீத வட்டியும் 2 சதவீத முன்கட்டணமும் சேர்ந்து 8 சதவீதம் ஆகிறது, அதாவது ஆண்டுக்கு 16 சதவீதம். அதே கடனைப் பன்னிரண்டு மாதம் வைத்திருந்தால் ஆண்டுச் செலவு 14 சதவீதமாகத் தெரியும். விரைவாக வேலை முடிப்பவருக்குப் பாயிண்ட் குறைந்த கடனும், தாமதமாகும் என்று தெரிந்தவருக்கு வட்டி குறைந்த கடனும் பொருத்தமானவை. இரண்டையும் ஒரே நேரத்தில் குறைத்துத் தர எந்த நிறுவனமும் முன்வருவதில்லை. இதோடு, குறைந்தபட்சம் மூன்று மாத வட்டியையாவது கட்ட வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தின் உள்பக்கத்தில் இருந்தால், சீக்கிரம் விற்றுவிட்டதன் பலன் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

இன்னும் விடுவிக்கப்படாத பணத்துக்கும் வட்டி உண்டா என்பது அடுத்த கேள்வி. சில நிறுவனங்கள் அனுமதித்த முழுத் தொகைக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி வசூலிக்கின்றன. சில, உண்மையில் கைக்கு வந்த தொகைக்கு மட்டும் வசூலிக்கின்றன. நமது எடுத்துக்காட்டில் மாத வட்டி 1 சதவீதம். முழுத் தொகையான 110க்கு ஆறு மாதம் கட்டினால் 6.6 ஆகும். கைக்கு வந்ததற்கு மட்டும் என்றால், முதல் இரண்டு மாதம் 80க்கும் அடுத்த இரண்டு மாதம் 90க்கும் ஐந்தாம் மாதம் 100க்கும் ஆறாம் மாதம் 110க்கும் கட்டி, மொத்தம் 5.5 தான் ஆகும். வித்தியாசமான 1.1 சிறியதாகத் தோன்றலாம். ஆனால் 30 அளவுள்ள புதுப்பிப்புச் செலவோடு ஒப்பிட்டால் அது ஏறக்குறைய 3.7 சதவீதம். இந்த நிறுவனம் கைக்கு வந்த தொகைக்கு மட்டுமே வட்டி வாங்குகிறது. விளம்பரத்தில் இதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளாதது வியப்பு.

இனித் தவணை விடுவிப்பு. இந்தச் சேவையில் திருப்தியும் எரிச்சலும் பிறக்கும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். புதுப்பிப்புத் தொகை முன்பணமாக வருவதில்லை. செய்து முடித்த வேலைக்கு ஈடாகத்தான் வருகிறது. நாம் விண்ணப்பம் கொடுத்தவுடன் ஆய்வாளர் ஒருவர் நேரில் வருகிறார். அல்லது கைப்பேசிச் செயலி வழியாக, இடமும் நேரமும் பதிவாகும் படங்களையும் காணொளியையும் நாமே அனுப்புகிறோம். கூரை 100 சதவீதம், குழாய் வேலை 50 சதவீதம், டைல்ஸ் 0 என்று செலவு மதிப்பீட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஆய்வாளர் ஒரு விழுக்காடு எழுதுகிறார். அதற்குரிய தொகையில் 10 சதவீதத்தை இறுதி ஆய்வுவரை நிறுத்திவைத்து, ஆய்வுக் கட்டணத்தையும் கழித்துக்கொண்டு மீதத்தை அனுப்புகிறார்கள். ஒவ்வொரு விடுவிப்புக்கும் ஆய்வுக் கட்டணம் தனித்தனியே பிடிக்கப்படுவதால், சிறு சிறு தொகையாக அடிக்கடி கேட்பது வீண் செலவு. மொத்தமாகச் சேர்த்துக் கேட்பதென்றால், அதுவரை கையிலிருந்து செலவழிக்க வேண்டும்.

ஒப்பந்ததாரர் முன்பணம் கேட்கிறார். கடன் கொடுப்பவர் பின்பணம் தருகிறார். இருவருக்கும் நடுவில் முதலீட்டாளரின் சொந்தப் பணம் நிற்கிறது. புதுப்பிப்புச் செலவு முழுவதும் கடனாகக் கிடைக்கும் என்ற வாசகத்தைப் படித்துவிட்டு, வாங்கும் விலையின் 20 சதவீதம் மட்டும் கையில் இருந்தால் போதும் என்று எண்ணுபவர்கள் முதல் கட்டத்திலேயே திணறுவது இதனால்தான். நமது கணக்கில் 20 சொந்த முதலீடு, 2.2 முன்கட்டணம், மூன்றில் ஒரு பங்கு வேலையை முன்கூட்டி முடிக்க 10, ஆறு மாத வட்டி 5.5 என்று கூட்டினால் ஏறக்குறைய 38 தேவைப்படுகிறது. பதிவுச் செலவும் காப்பீடும் சொத்து வரியும் இதற்கு மேல். 38 கையில் இல்லாதவர் இந்தக் கடனை எடுப்பதைவிட, அதே முறையில் சிறிய வீடு ஒன்றைத் தேடுவது நல்லது.

இன்னொரு சிக்கல், வாங்கி வைத்த பொருளுக்குப் பணம் கிடையாது என்பது. அளவு கொடுத்துச் செய்யச் சொல்லும் ஜன்னல்களுக்கும் சமையலறை அலமாரிகளுக்கும் தயாரிப்பாளர் பாதிப் பணத்தையாவது முன்பே கேட்பார். அவை வந்து வீட்டில் இறங்கியிருந்தாலும், பொருத்தப்படாத வரை ஆய்வாளரின் கணக்கில் பூஜ்யம்தான். இந்த நிறுவனத்தில், தனியாக எழுதிக் கேட்டால், வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்ட பொருளுக்கு ஒரு பகுதியை விடுவிக்கும் வசதி இருக்கிறது; ஆனால் அதைக் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். பின்னால் கேட்டால் கிடைக்காது.

விடுவிப்பு எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பது ஆய்வாளரைப் பொறுத்து மாறுகிறது. செயலி வழி ஆய்வில் சில வேலை நாட்களுக்குள் பணம் வந்துவிடுகிறது. நேரில் வரும் ஆய்வாளர் வெளி ஒப்பந்தத்தில் இருப்பவர். அவருக்கு வாய்ப்புள்ள நாளில் வருகிறார், அறிக்கையை அவர் விருப்பப்படி அனுப்புகிறார். ஒருமுறை அறிக்கையில் குளியலறை வரியை அவர் நிரப்பாமல் விட்டதைத் திருத்துவதற்குள், கூலி வராத குழாய்ப் பணியாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரை டைல்ஸ் ஒட்டுபவரும் காத்திருந்தார். பணம் தாமதமானது சில நாட்கள், வேலை தாமதமானது பல வாரங்கள். கடனுக்கு வட்டி அரை சதவீதம் குறைவு என்று வேறொரு நிறுவனத்தைத் தேடிப் போவதைவிட, விடுவிப்பு எத்தனை நாளில் நடக்கும் என்பதற்கு எழுத்தில் உறுதி தரும் நிறுவனம் எனக்கு மேலானது. 110க்கு அரை சதவீதம் என்பது ஆண்டுக்கு 0.55 தான், ஒரு மாதத் தாமதம் 1.1 ஐத் தின்றுவிடும். வராத வாடகை அதில் சேராது.

இந்தத் தவணை முறை வேலையின் வரிசையையும் திரிக்கப் பார்க்கிறது. கண்ணுக்குத் தெரியும் வேலைக்கு ஆய்வாளர் எளிதில் விழுக்காடு எழுதுவதால், பெயின்ட்டையும் தரையையும் முதலில் முடித்துப் பணம் வாங்கிவிடலாம் என்று ஒப்பந்ததாரர் யோசனை சொல்வார். இதற்கு இசையவே கூடாது. கூரையும் நீர்க்கசிவும் முதலில், அடுத்துக் கட்டடத்தின் உறுதி, பின்பு சுவருக்குள் போகும் குழாயும் வயரிங்கும், அதன்பிறகே பூச்சு என்ற வரிசைக்கு மாற்று இல்லை. பூச்சு மூடுவதற்கு முன் ஓர் ஆய்வைக் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும். மூடிய சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பிறகு நிரூபிக்க, அளவுகோலோடு எடுத்த படங்களைத் தவிர வேறு சாட்சி இருக்காது. குளியலறையில் நீர்க்காப்புப் பூச்சு முடிந்ததும் தரையில் தண்ணீரைத் தேக்கி 24 மணி நேரம் விட்டு, கீழ்த்தளத்தில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்ட வேண்டும். இந்தச் சோதனைக்கு மதிப்பீட்டுப் பட்டியலில் தனி வரி வைத்தால் அதற்கும் பணம் விடுவிக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சிமென்ட் யாருடைய கடன் காலவரையையும் மதிப்பதில்லை. கான்கிரீட்டின் வலிமையை 28 நாள் நிலையில் கணக்கிடுவதே கட்டுமான வழக்கம்; புதிய பூச்சு ஈரமாக இருக்கும்போதே பெயின்ட் அடித்தால் அது உப்பி உரிந்துவிடும். இந்தக் காத்திருப்பு நாட்களை அட்டவணையில் வெளிப்படையாகக் காட்டினால் நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. காட்டாமல் விட்டால், இத்தனை நாளாக ஏன் எந்த விண்ணப்பமும் வரவில்லை என்று கேட்டு மின்னஞ்சல் வருகிறது.

ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குப் பணத்தை மாற்றுவதற்கு முன் அனுமதி வேண்டும். சமையலறையில் மிச்சப்படுத்தியதை வயரிங்குக்குப் பயன்படுத்தலாம் என்று நாமே முடிவு செய்ய முடியாது. இதை அவர்கள் ஓரளவு தாராளமாகவே கையாள்கிறார்கள். காரணமும் படமும் இருந்தால் மறுப்பதில்லை. ஒப்பந்ததாரரும் துணை வேலையாட்களும் பணம் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்திட்ட ஒப்புகைகளை ஒவ்வொரு முறையும் கேட்பது முதலில் தொல்லையாகத் தெரிந்தாலும், பிற்பாடு வேலையாட்கள் வீட்டின் மீது நிலுவை கோருவதைத் தடுப்பது அந்தத் தாள்கள்தான்.

காப்பீட்டைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு: ஆள் குடியில்லாத வீட்டுக்குச் சாதாரண வீட்டுக் காப்பீடு பல இடங்களில் 30 அல்லது 60 நாட்களுக்குப் பிறகு சில இழப்புகளுக்குப் பொருந்தாது. கட்டுமானக் கால இழப்புக்கான தனிக் காப்பீட்டை நிறுவனம் வற்புறுத்துகிறது, அது சரியே.

கடனை அடைக்கும் வழி குறித்து விற்பனைப் பிரதிநிதிகள் சொல்வது பாதிதான் உண்மை. வேலை முடிந்ததும் வாடகைக்கு விட்டு, மதிப்பில் 75 சதவீதத்துக்கு நீண்ட காலக் கடன் எடுத்து இதை அடைத்துவிடலாம் என்கிறார்கள். 190 இல் 75 சதவீதம் 142.5, 110 ஐ அடைத்த பின்னும் கையில் மிஞ்சும் என்று தோன்றும். ஆனால் நீண்ட காலக் கடன் தருபவர் வாடகையையும் பார்ப்பார். செலவு போக நிற்கும் வாடகை, கடன் தவணையைப் போல் 1.25 மடங்காவது இருக்க வேண்டும் என்பது பரவலான அளவுகோல். நிகர மாத வாடகை 1.2 என்றால் அதற்குத் தாங்கும் மாதத் தவணை 0.96. ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில், 20 ஆண்டுக் கடனில், அந்தத் தவணைக்குக் கிடைக்கும் கடன் 106.7 மட்டுமே. வீட்டின் மதிப்பு எவ்வளவு உயர்ந்திருந்தாலும் 110 ஐ முழுதாக அடைக்க அது போதாது. இந்தக் கணக்கை வீடு வாங்கும் முன்பே போட்டுப் பார்க்குமாறு நிறுவனம் ஒருபோதும் சொல்லவில்லை. விண்ணப்பத்தில் அடைக்கும் வழி என்ற கட்டத்தில் ஒரு வரி எழுதினால் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். செலவு மதிப்பீட்டை அத்தனை நுணுக்கமாகப் பார்ப்பவர்கள் இதில் காட்டும் அலட்சியம் எனக்கு இன்னும் புரியவில்லை.

புதுப்பிப்பில் எதற்குச் செலவழிப்பது என்ற கேள்விக்கும் இந்தக் கணக்கே விடை தருகிறது. நிகர மாத வாடகை 0.1 கூடினால், அதே நிபந்தனையில் கிடைக்கும் கடன் ஏறக்குறைய 8.9 கூடுகிறது. ஆகவே வாடகைக்கு வைத்திருக்கப்போகும் வீட்டில் இரண்டாவது குளியலறை, பயன்படாத மூலையை அறையாக்குவது, உழைக்கும் தரை போன்ற, வாடகையை உயர்த்தும் அல்லது பராமரிப்பைக் குறைக்கும் வேலைகளுக்கு முன்னுரிமை தர வேண்டும். விலை உயர்ந்த கல் பதித்த சமையல் மேடை விற்பனைக்கான வீட்டில் பயன் தரலாம். வாடகை வீட்டில் அதற்குக் குடியிருப்பவர் கூடுதலாக எதுவும் தரமாட்டார்.

காலவரை முடிந்தும் வேலையோ விற்பனையோ முடியாவிட்டால் நீட்டிப்பு கிடைக்கிறது. அதற்குக் கடன் தொகையில் ஒரு பகுதி மீண்டும் கட்டணமாகிறது. கேட்க வேண்டிய நாள் காலவரை முடிவதற்கு வெகு முன்பே வந்துவிடும். தவறினால் அபராத வட்டி தொடங்கும். வாடிக்கையாளர் சேவையில் கடன் அனுமதிக்கும்வரை ஒரே அலுவலர் பொறுப்பாக இருந்து உடனுக்குடன் பதில் சொல்கிறார். பணம் விடுவிக்கும் கட்டத்தில் பொறுப்பு வேறு பிரிவுக்குப் போய், ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

கடனை அடைக்கும் நாளில் இரண்டு தாள்களைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, அன்றைய தேதிவரை நாள் கணக்கில் வட்டி போட்ட இறுதி நிலுவைச் சான்று. நிறுத்திவைத்த 10 சதவீதம் விடுவிக்கப்படாமல் இருந்தால், அதையும் சேர்த்து நிலுவையாகக் காட்டியிருக்கிறார்களா என்று அதில் பார்க்க வேண்டும். மற்றொன்று, அடமானம் நீங்கியதற்கான ஆவணமும் அது பதிவானதற்கான சான்றும். என் கடன் ஒன்றில் இரண்டாவது தாள் வருவதற்கு, பணம் கட்டிய பிறகும் நினைவூட்டல்கள் அனுப்ப வேண்டியிருந்தது. அடுத்த வீட்டுக்கான விண்ணப்பத்தைப் பரிசீலித்த வங்கி, அந்த அடமானம் இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டும் பதிவைச் சுட்டிக்காட்டி, அது நீங்கும்வரை கோப்பை நிறுத்திவைத்தது.